தலைப்பில் இல்லாத கம்ப்யூட்டர்

இந்த எபிசோட் ஏஐ பத்தினது. ஆனா ஆரம்பம் ஏஐ இல்ல. ஒரு பேங்க் லெட்ஜர்.

ரிசர்வ் வங்கி 1980-களில் இரண்டு கமிட்டிகள் போட்டது. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே, சி. ரங்கராஜன். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் படித்தவர், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர், பின்னால் கவர்னரே ஆனார். முதல் கமிட்டி 1983-இல் போடப்பட்டு 1984-இல் ரிப்போர்ட் கொடுத்தது. அதன் பெயர், வங்கித் துறையில் இயந்திரமயமாக்கலுக்கான கமிட்டி. இரண்டாவது கமிட்டியின் ரிப்போர்ட் 1989-இல் வந்தது. அதன் பெயர், வங்கிகளில் கணினிமயமாக்கலுக்கான கமிட்டி.

இரண்டு பெயரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதலாவதில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லே கிடையாது. ரிப்போர்ட்டுக்கு உள்ளே போனால் மினி கம்ப்யூட்டர் இருக்கு, தலைமை அலுவலகத்துக்கு மெயின்ஃப்ரேம் இருக்கு. தலைப்பில் மட்டும் இல்லை. கிளைகளுக்கு வந்த மெஷினுக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள்: ‘அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’. சுருக்கமாக ஏஎல்பிஎம். 80-களில் வங்கியில் வேலை பார்த்த யாராவது உங்க வீட்டில் இருந்தா, அந்த நாலு எழுத்தைச் சொல்லிப் பாருங்க, கதை கதையா வரும்.

ஏன் இந்தப் பெயர் விளையாட்டு? ‘கம்ப்யூட்டர்’ங்கிற சொல்லுக்கே அன்னைக்கு ஒரு எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், அந்த ஆட்களுக்கு ஒரு மேசையில் நாற்காலி இருந்தது. இன்னைக்கு ஏஐ பத்தி எந்தக் கொள்கை ஆவணத்தை எடுத்தாலும் ‘மனிதக் கட்டுப்பாடு’, ‘மனிதக் கண்காணிப்பு’ன்னு வருது. அந்த ‘மனிதர்’ யாரு? இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டு நாற்பது அம்பது வருஷம் பின்னால போய் வரலாம்.

முதல்ல மெஷின் வர்றதுக்கு முன்னால ஒரு கிளை எப்படி இயங்கியதுன்னு பார்த்திடுவோம். செக்கைக் கொடுத்தால் கவுன்ட்டரில் ஒரு பித்தளை டோக்கன் தருவார்கள். செக் உள்ளே போகும். ஒரு கிளார்க் தடிமனான லெட்ஜரைத் திறந்து, உங்கள் பக்கத்தைத் தேடி, கையால் பற்று எழுதி, பாக்கியைப் போடுவார். அதை ஒரு ஆபீசர் சரிபார்த்து கையெழுத்து போட்டு ‘பாஸ்’ பண்ணுவார். அப்புறம்தான் கேஷியர் உங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். வங்கி மொழியில் இதுக்கு ‘மேக்கர், செக்கர்’னு பேரு, இன்னைக்கும் சாஃப்ட்வேருக்குள்ளே இந்த முறை இருக்கு. ஒரே ஆள் எழுதி, அவரே சரின்னு சொல்லக்கூடாது. மனிதக் கட்டுப்பாடு பத்தி நான் பார்த்ததிலேயே தெளிவான வடிவமைப்பு இதுதான். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சிக்கல் என்னன்னா, இந்த முறை மெதுவானது. கணக்குகள் பெருகப் பெருக, லெட்ஜர்களைச் சமன்செய்யும் வேலை பாக்கி விழுந்துகொண்டே போனது. 1969-இல் வங்கிகள் தேசியமயமான பிறகு கிளைகள் வேகமாகப் பெருகின, ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் இடையிலான கணக்குகள் ஒத்துப்போகாமல் குவிந்தன. மெஷின் வேணும்னு நிர்வாகம் கேட்டதுக்கு நியாயமான காரணம் இருந்தது.

எதிர்த்தவர்களுக்கும் நியாயம் இருந்தது. அதன் வேர் 1960-களில் இருக்கு. எல்ஐசி அப்போது பம்பாயிலும் கல்கத்தாவிலும் கம்ப்யூட்டர் வைக்கத் திட்டமிட்டது. பம்பாயில் வந்துவிட்டது. கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் என்ற கட்டடத்தில் மெஷின் நுழையாமல் ஊழியர்கள் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அந்தச் சண்டையின் சூட்டில் மத்திய அரசு 1969-இல் வி.எம். தண்டேகர் தலைமையில் ஆட்டோமேஷன் பற்றி ஒரு கமிட்டி போட்டது. அது 1972-இல் ரிப்போர்ட் கொடுத்தது. கவனிங்க, ஒரு இயந்திரத்தை நாட்டுக்குள் எந்த வேகத்தில் விடுவது என்பது அன்னைக்கு தேசிய அளவிலான தொழிலாளர் பிரச்சினை. தொழில்நுட்ப அமைச்சகம் தனியா உட்கார்ந்து முடிவு பண்ற விஷயமா அது பார்க்கப்படல.

அதே சமயத்தில் அடையாறில் நிலைமை வேற. ஐஐடி மெட்ராஸுக்கு ஜெர்மனியின் உதவியோடு 1973-இல் ஐபிஎம் 370 வந்தது. அங்கே அதை யாரும் தடுக்கவில்லை, புரோகிராம் ஓட்ட மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரே ஊர். கேம்பஸுக்குள்ளே கம்ப்யூட்டர்னா எதிர்காலம், மவுன்ட் ரோடு வங்கிக் கட்டடத்துக்குள்ளே கம்ப்யூட்டர்னா வேலைக்கு ஆபத்து. ரெண்டு பேருமே தப்பில்ல. ரெண்டு பேர் நின்ன இடம் வேற, அவ்வளவுதான்.

இப்போ 1983-க்கு வருவோம். செப்டம்பர் 8. இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. ஊழியர் தரப்பில் முக்கியமானது அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம், ஏஐபிஇஏ. 1946-இல் கல்கத்தாவில் பிறந்த அந்தச் சங்கத்தின் தலைமையகம் இப்போ நம்ம பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில் இருக்கு. எந்த மாதிரி மெஷின் வரலாம், எங்கே வரலாம், அதை இயக்குகிறவருக்கு என்ன சிறப்புப் படி, இதெல்லாம் பேசித் தீர்மானிக்கிற விஷயங்களாக இருந்தன. மெஷின் வந்ததால் ஆட்குறைப்பு கூடாது என்பது தொழிற்சங்கங்களின் அடிப்படை நிபந்தனை.

எனக்கு இதில் பிடித்த விஷயம், இந்தக் கட்டுப்பாட்டை எண்ணிப் பார்க்க முடியும் என்பது. பத்து வருஷம் கழித்து, 1993 அக்டோபரில் வந்த அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு எண் வருது: நாளைக்கு 750 வவுச்சருக்கு மேல் கையாளும் கிளைகளை முழுசா கணினிமயமாக்கலாம். 750. ஒரு கிளையில் இது மீறப்பட்டிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு நெறியியல் நிபுணர் தேவையில்ல, வவுச்சரை எண்ணினால் போதும். யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதற்கும் பதில் இருந்தது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகளாக.

இதைக் கேட்டுட்டு ‘ஆஹா, அந்தக் காலம்’னு போயிடாதீங்க. அந்த மேசையில் யாரெல்லாம் இல்லைன்னும் பார்க்கணும். டோக்கனைக் கையில் வெச்சுக்கிட்டு அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்த வாடிக்கையாளருக்கு அங்கே நாற்காலி இல்லை. வங்கித் தேர்வு எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞருக்கும் இல்லை. இருந்த வேலைகளைக் காப்பாற்ற ஆள் இருந்தது, இன்னும் உருவாகாத வேலைகளுக்காகப் பேச யாரும் இல்லை. அது போக, சங்கங்கள் பிடித்து வைத்திருந்தது வேகத்தைத்தான். எந்தத் திசையில் போகணும், எந்த மாதிரி சிஸ்டம் வரணும்னு முடிவு செய்தது பெரும்பாலும் ரிசர்வ் வங்கியும் நிர்வாகங்களும்.

அந்தப் பிடியும் நிலைக்கவில்லை. 1994-இல் இருந்து புதிய தனியார் வங்கிகள் வரத் தொடங்கின. அவற்றுக்குப் பழைய லெட்ஜரும் இல்லை, பழைய ஒப்பந்தமும் இல்லை, முதல் நாளில் இருந்தே கம்ப்யூட்டர். அப்புறம் நடந்தது யாரும் எதிர்பார்க்காத திசையில் இருந்து வந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரிக்குள் பொதுத்துறை வங்கிகளின் 70 சதவீத வணிகம் கணினிக்குள் வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். காரணம், ஊழல் தடுப்பு. கையால் எழுதும் கணக்கில் மோசடிக்கு இடம் அதிகம் என்பது வாதம். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த விஷயம், தொழிலாளர் மேசைக்கே வராத ஒரு அலுவலகத்தின் உத்தரவில் ஓட ஆரம்பித்தது. அதே 2000-01-இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதி காகிதத்தில் மீறப்படவில்லை. ஆட்கள் குறைந்தார்கள்.

சரி, ஏஐ எங்கே?

அதுவும் அந்த 80-களிலேயே இருக்கு. 1986-இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ‘அறிவு சார்ந்த கணினி அமைப்புகள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கம்ப்யூட்டர் திட்டம் உலகத்தையே பதற வைத்திருந்த காலம். இந்தியாவில் வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது, ஐஐடி மெட்ராஸுக்கு வந்தது ‘எக்ஸ்பர்ட் சிஸ்டம்’. நிபுணரின் அறிவை விதிகளாக எழுதி மெஷினுக்குள் வைக்கும் முறை. அங்கே உருவான ஒரு புரோகிராமின் பெயர் ‘ஏகலவ்யா’. சின்னக் குழந்தைகளுக்கு வரும் நோய் அறிகுறிகளைப் பார்த்து என்ன செய்யலாம் என்று சமூகச் சுகாதாரப் பணியாளருக்கு வழிகாட்டுவது அதன் வேலை. (கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய கதையில் இருந்து ஏன் பேர் எடுத்தாங்கன்னு கேட்காதீங்க. குரு பக்கத்துல இல்லாமலே கத்துக்கிட்டவர்ங்கிற அர்த்தத்துல இருக்கலாம்.)

அந்தத் திட்டத்தில் ‘மனிதர்’ யாருன்னு கேட்டா ஒரு உருவம் தெரியுது. ஒரு கிராமம், ஒரு சுகாதாரப் பணியாளர், எதிரே காய்ச்சலோடு ஒரு குழந்தை. மெஷின் ஆலோசனை சொல்லும், கை வைத்துப் பார்க்கிறவர் அவர். பொதுவான ‘மனிதகுலம்’ அங்கே இல்ல, ஒரு வேலை செய்கிற ஆள் இருந்தார்.

இனி ஒரே தாவாக இந்த நூற்றாண்டுக்கு. 2017 ஆகஸ்டில் மத்திய வணிக அமைச்சகம் ஏஐ பற்றி ஒரு பணிக்குழு போட்டது. தலைவர், ஐஐடி மெட்ராஸின் வி. காமகோடி. 2018 மார்ச்சில் வந்த ரிப்போர்ட், ஐந்து வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாயில் ஒரு தேசிய ஏஐ மிஷன் வேணும்னு சொன்னது. கமிட்டியின் முழுப் பெயரிலேயே அதன் கவலை தெரியும்: இந்தியாவின் பொருளாதார மாற்றத்துக்கான ஏஐ. கட்டுப்பாடு பத்தின பேச்சு அப்போது ஓரமாகத்தான் இருந்தது.

அது நடுவுக்கு வந்தது, சொல்லப்போனால், தமிழ்நாட்டில். 2020 செப்டம்பரில் மாநில அரசு ‘பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏஐ கொள்கை’யை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் இப்படிச் செய்ததில் ரொம்ப ஆரம்பமான முயற்சி அது. அதில் ‘டீப்-மேக்ஸ்’ என்று ஒரு மதிப்பெண் அட்டை உண்டு. அரசு ஒரு ஏஐ சிஸ்டத்தை மக்களிடம் விடுவதற்கு முன்னால் பாரபட்சம், தனியுரிமை, தவறான பயன்பாடு, தணிக்கைக்கு இடம் கொடுக்கிறதா என்பது போன்ற தலைப்புகளில் அதற்கு மார்க் போடணும். எனக்கு இந்த யோசனை மேல் மரியாதை உண்டு. ‘ஏஐ நல்லது செய்யணும்’னு பொதுவா சொல்லிட்டு நிறுத்தாம, அதிகாரி கையில ஒரு கருவியைக் கொடுக்கப் பார்த்தாங்க. கண்புரையைக் கண்டுபிடிக்கும் ‘இ-பார்வை’ மாதிரியான ஆப்களை அரசே உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது, கேள்வி வெறும் தத்துவமா இல்லை.

ஆனா பாருங்க, கட்டுப்பாட்டின் வடிவம் மாறியிருக்கு. 1983-இல் எதிரெதிரே இரண்டு தரப்பு உட்கார்ந்தது. 2020-இல் ஒரே தரப்பு, அரசு. சிஸ்டத்தை வாங்குவதும் அரசு, மார்க் போடுவதும் அரசு. மேக்கரும் செக்கரும் ஒரே கட்டடத்தில். பழைய கிளை மேனேஜர் யாராவது பார்த்தால் கண்ணாடியைக் கழற்றிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

இது ஏன் முக்கியம்னு புரிய தி.நகருக்குப் போகணும். 2017 தீபாவளிக் காலத்தையொட்டி தி.நகர் காவல் மாவட்டத்தில், சென்னையைச் சேர்ந்த ‘ஃபேஸ்டேக்ர்’ என்ற நிறுவனத்தின் முக அடையாள ஆப்பைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். சந்தேகப்படுகிறவரை போலீஸ்காரர் போனில் படம் எடுப்பார், குற்றவாளிகள் பட்டியலோடு ஆப் ஒப்பிடும். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நின்றவர்களுக்கு, போலீஸ் ஏன் இப்படி ஒன்றை விரும்புவார்கள் என்று விளக்கவே வேண்டாம். 2021 அக்டோபரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் மாநிலம் முழுக்கவுமான முக அடையாள மென்பொருளைத் தொடங்கி வைத்தார்.

இந்த இடத்தில் ‘மனிதக் கட்டுப்பாடு’ன்னா யாரு? கூட்டத்தில் வேர்த்துக்கொண்டு நிற்கும் ஒரு கான்ஸ்டபிள். திரையில் ‘பொருந்துகிறது’ன்னு வருது. முடிவு அவர் கையில்தான், காகிதத்தில். மெஷின் சொன்னதை மறுத்து, நாளைக்கு அந்த ஆள் நிஜமாகவே திருடன் என்று தெரிந்தால் கேள்வி யாரை நோக்கி வரும்? மெஷின் சொன்னதை ஏற்று, அது தவறான ஆளாக இருந்தால்? இரண்டில் எது தனக்குப் பாதுகாப்பு என்று அவருக்குத் தெரியும். மெஷின் பேச்சை அளவுக்கு மீறி நம்பும் இந்தச் சாய்வை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம், மனிதக் கண்காணிப்பு பற்றிய 14-ஆவது பிரிவில் பெயர் சொல்லியே குறிப்பிடுது. அதோடு நிற்கல. தொலைவில் இருந்து முகம் போன்றவற்றால் ஆளை அடையாளம் காணும் சிஸ்டங்களில், குறைந்தது இரண்டு தகுதியான மனிதர்கள் தனித்தனியாகச் சரிபார்க்காமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. போலீஸ், எல்லைக் காவல் விஷயங்களில் விலக்குக்கும் வழி வெச்சிருக்காங்க, அது வேற சண்டை. ஆனா ‘இரண்டு மனிதர்’ங்கிற விதியைக் கேட்டதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். பித்தளை டோக்கன் காலத்து கிளார்க்கும் ஆபீசரும்தான் அது.

உலக அளவில் இந்தப் பேச்சு வேற ஒரு உயரத்தில் நடந்தது. 2023 மார்ச்சில் ஆய்வாளர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்து, பெரிய ஏஐ மாடல்களின் பயிற்சியை ஆறு மாசம் நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு திறந்த மடல் எழுதினார்கள். மனித நாகரிகம் தன் கட்டுப்பாட்டை இழந்துவிடுமோ என்பது அதன் பயம். நிறுத்தியவர் யாரும் இல்லை. அந்த நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் நாடுகள் கூடின. அந்த உச்சிமாநாட்டின் பெயரில் ‘பாதுகாப்பு’ இருந்தது. 2025-இல் பாரிஸில் கூடியபோது அது ‘செயல்’ உச்சிமாநாடு. 2026-இல் டெல்லிக்கு வந்தபோது ‘தாக்கம்’. ரங்கராஜன் கமிட்டிகளின் தலைப்பு மாறினது மாதிரியேதான். தலைப்பில் எந்தச் சொல் ஏறுது, எது இறங்குதுன்னு பார்த்தா, அந்த நேரத்தில் மேசையில் யார் கை ஓங்கியிருக்குன்னு ஓரளவு ஊகிக்கலாம்.

டெல்லிக்கு மூணு மாசம் முன்னால, 2025 நவம்பர் 5-இல், இந்தியாவின் ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்கள் வெளியாயின. அதை எழுதிய கமிட்டியின் தலைவர், திரும்பவும் ஐஐடி மெட்ராஸ்: பேராசிரியர் பி. ரவீந்திரன். ஏழு ‘சூத்திரங்கள்’ கொடுத்திருக்காங்க. ஒண்ணு, மக்களுக்கு முதலிடம். அதில் மனிதக் கண்காணிப்பும் வருது. அதற்கு அடுத்த சூத்திரம், கட்டுப்படுத்துவதை விடப் புதுமைக்கு முன்னுரிமை. ஆபத்துகளின் பட்டியலில் ‘கட்டுப்பாட்டை இழத்தல்’ என்பதும் இருக்கு. இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களை வைத்தே நிறைய சமாளிக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு.

கெட்ட ஆவணம் இல்ல இது. படிக்கும்படியாவே எழுதியிருக்காங்க, முன்னோடியா வந்த அறிக்கைக்குப் பொதுமக்களிடம் கருத்தும் கேட்டார்கள். என் சிக்கல், கருத்து சொல்றதும் கையெழுத்து போடுறதும் ஒண்ணில்ல என்பதுதான். கருத்து சொன்னவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஆவணம் வெளியாகும். 1983-இல் கையெழுத்து விழாவிட்டால் மெஷின் கிளைக்குள்ளே வந்திருக்காது. ‘மனிதர்’ங்கிற சொல் ஆவணத்தில் எத்தனை தடவை வருதுங்கிறதை விட, ‘இல்லை’ன்னு சொல்ல யாருக்கு உரிமை இருந்ததுங்கிறதைத்தான் நான் பார்ப்பேன்.

இப்போ இதை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டு மத்திய கைலாஷ் சிக்னல்ல ஓஎம்ஆர் பக்கம் திரும்புறவங்களுக்கு. அன்னைக்கு லெட்ஜர் கிளார்க் இருந்த இடத்துல இன்னைக்கு இருக்கிறது நீங்கதான். டெஸ்டிங், சப்போர்ட், கோடிங், உள்ளடக்கம் எழுதுறது, ஏஐ முதல்ல தொடுற வேலைகள் இவை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏஐ காரணமில்லை, திறன் பொருத்தம்தான் பிரச்சினை என்றார் அதன் தலைமை அதிகாரி. அது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சரிபார்க்கக்கூடிய ‘செக்கர்’ யாரு என்பதுதான் கேள்வி. வங்கியில் ஒரு மெஷின் எத்தனை பேர் வேலையைச் செய்யும் என்பது பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் வாதாடிய கணக்கு. இங்கே அந்தக் கணக்கு ஒரே பக்கத்தில் இருக்கு.

ஐடி-யில சங்கமே வைக்க முடியாதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. தப்பு. ஐடி ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. சென்னையில் ஐடி ஊழியர் அமைப்புகள் இயங்கிக்கிட்டும் இருக்கு, சின்ன அளவில்.

கடைசியா ஒரு சட்டப் பிரிவு. போரடிக்கும்னு ஓட்டிடாதீங்க. 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் 1956-இல் 9ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றமோ வேலை முறை மாற்றமோ கொண்டுவருவதாக இருந்தால், முதலாளி தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும். நல்லா யோசிச்சா, இந்தியாவில் ஆட்டோமேஷன் மேல் மனிதக் கட்டுப்பாடு பத்தி எழுதப்பட்ட பழைய வரிகளில் ஒண்ணு இது. ஏஐ-ங்கிற பேரே ஆங்கிலத்தில் அப்போதான் பிறந்துகொண்டிருந்தது. இந்தப் பிரிவு ஒழிந்துபோகவும் இல்லை. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 40-ஆவது பிரிவாகத் தொடருது. அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாள் 2025 நவம்பர் 21. ஏஐ வழிகாட்டுதல்கள் வெளியாகிப் பதினாறாவது நாள். டிவி விவாதங்களில் ஒன்றையும் மற்றொன்றையும் சேர்த்துப் பேசினவங்க குறைவு. ஒண்ணு டெக் செய்தி, இன்னொண்ணு லேபர் செய்தி.

ஒரு பொடி எழுத்து விஷயம் இருக்கு. இந்த 21 நாள் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அதற்கு வெளியே. மேற்பார்வை வேலையில் இருந்து மாசம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களும் வெளியே. ஓஎம்ஆரில் நாலு வருஷ அனுபவத்துக்கே ‘லீட்’, ‘மேனேஜர்’னு பட்டம் கொடுத்திடுறாங்க. செய்யும் வேலைதான் முக்கியம், பட்டம் இல்லைன்னு நீதிமன்றங்கள் சொல்லிக்கிட்டு வந்திருக்கு, ஆனா அதை நிரூபிக்க அங்கே வரைக்கும் போகணும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, பதவின்னு போட்டிருக்கிற இடத்தையும் அதுக்குக் கீழே வேலை விவரத்தையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.